நெடுந்தீவுப் பெருக்கமரத்தடியில் செனகல்

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகும் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களுக்கு என்று ஓர் ஒழுங்கு உண்டு. குதிரை, கோட்டை, புறாக்கூடு, வளரும் கல், பெருக்கமரம். மரத்தடியில் இறங்கியதும் பிள்ளைகள் செய்வதும் ஆண்டுதோறும் அதேதான். அடிமரத்துப் பிளவுக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைவார்கள், உள்ளே நின்று கூவிப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். "இது ஆபிரிக்காவில இருந்து வந்த மரம், பிள்ளையள்" என்று ரீச்சர் ஒரு வசனம் சொல்லுவார். பிற்பகல் படகைத் தவறவிடக் கூடாதே என்ற அவசரத்தில் ஆபிரிக்கா அந்த ஒரு வசனத்தோடு முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஓர் ஆபிரிக்க நாட்டை அறிமுகம் செய்ய அந்த மரத்தை விட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மரம் காட்டுவது 'ஆபிரிக்கா' என்ற மொத்தப் பெயரை அல்ல. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளை ஒரே சொல்லில் அடக்கிப் படிக்கும் பிள்ளை எதையும் படிப்பதில்லை. ஒரு நாடு போதும், அதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் போதும். நான் செனகலைச் சொல்லுவேன். ஏன் செனகல் என்பதை மரமே சொல்லட்டும்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பெருக்கமரம் என்று கைத்தொலைபேசியில் தேடினால் வருவது பெரும்பாலும் மடகஸ்காரின் படம்: செம்மண் சாலையின் இருபுறமும் வழுவழுவென்று தூண்களாக உயர்ந்து, உச்சியில் மட்டும் கொஞ்சம் கிளை வைத்த மரங்கள். அழகுதான், ஆனால் அவை வேறு இனம். மடகஸ்காருக்கே உரியவை ஆறு இனங்கள், அவுஸ்திரேலியாவுக்கு ஒன்று. நெடுந்தீவிலும் மன்னாரிலும் நிற்பது ஆபிரிக்கப் பெருநிலத்துக்குரிய 'அடன்சோனியா டிஜிற்றாற்றா'. இராமநாதபுரத்துப் பக்கம் பொந்தன்புளி என்பதும் இதையேதான். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லுவார்கள். நட்ட கை எதுவாக இருந்தாலும் மரத்தின் சொந்த ஊர் பெருநில ஆபிரிக்காதான்.

இனி மரத்துக்கு வருவோம். அதன் பட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பல் நிறம், அங்கங்கே மடிப்பு, வயசான தோலின் மினுக்கம். நகத்தால் மெல்லச் சுரண்டினால் மேல்தோலுக்குக் கீழே பச்சை தெரியும். (பிள்ளைகளைச் சுரண்ட விடவேண்டாம், சொன்னால் போதும்.) இலையில்லாத மாதங்களில் அந்தப் பச்சைதான் வெயிலைப் பிடித்து மரத்துக்குச் சாப்பாடு போடுகிறது. வேம்பையோ முதிரையையோ பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். பெருக்கமரம் உரித்த இடத்தில் புதுப்பட்டை போர்த்திக்கொள்ளும். மேற்கு ஆபிரிக்கக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நார் உரித்துக் கயிறு திரித்த பின்னும் மரங்கள் நிற்பது அதனால். உள்ளே வைரம் கிடையாது, நீரை உறிஞ்சி வைத்த மெதுமெதுப்பான நார்தான். தச்சன் ஏறெடுத்தும் பார்க்காத மரம். இத்தனை நூற்றாண்டு அது உயிரோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இலை ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகளாக விரல் விரித்திருக்கும், டிஜிற்றாற்றா என்ற பெயரே அதனால் வந்தது. பூவைப் பார்ப்பதற்குத்தான் கொடுத்துவைக்க வேண்டும். நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும் மொட்டு பொழுதுபடும் நேரத்தில் விரியும். வெள்ளை இதழ் ஐந்தும் பின்பக்கமாக மடிய, நடுவில் நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள்கள் பந்தாகத் திரண்டு கீழே தொங்கும். ஆபிரிக்காவில் இந்தப் பூவுக்கு வருகிறவை பழந்தின்னி வௌவால்கள். விடிந்து வெயில் ஏறினால் இதழ் பழுப்பேறி விழுந்துவிடும். பகல் படகில் வந்து பகல் படகில் திரும்புகிறவர்களுக்குக் கிடைக்காத காட்சி. நெடுந்தீவுப் பிள்ளைகளே, இது உங்களுக்கு மட்டும் வாய்த்தது.

அந்தப் பெரிய பொந்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பொந்து என்றால் உக்கிப்போனது என்றுதான் நாம் நினைப்போம். ஆபிரிக்காவின் மூத்த பெருக்கமரங்களை ஆராய்ந்தவர்கள் வேறு கதை சொல்கிறார்கள். பல தண்டுகள் வட்டமாக முளைத்து, பருத்து, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ள, நடுவில் ஆதியிலிருந்தே வெறுமையாக இருந்த இடம் அப்படியே அறையாகிவிடுவதும் உண்டாம். எது எப்படி என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே நிற்கும்போது சுவரைத் தடவிப் பார்க்க வேண்டும். உள்சுவரிலும் பட்டை இருந்தால் அது உக்கிய பொந்து அல்ல. கூவிப் பார்க்கிற பிள்ளையிடம் "கொஞ்சம் தடவிப் பார், ராசா" என்று சொன்னால், ஆராய்ச்சியாளர் செய்ததையே அந்தப் பிள்ளையும் செய்கிறது.

செனகலுக்கு வருவோம். 1749இல் மிஷேல் அடான்சன் என்ற பிரெஞ்சு இளைஞர், இருபதுகளின் தொடக்கத்தில், ஒரு வணிகக் கம்பனியின் ஊழியராகச் செனகல் ஆற்று முகத்துவாரத்தில் போய் இறங்கினார். வேலை கணக்கு எழுதுவது, மனம் முழுக்கச் செடிகொடி. அங்கே சோர் என்ற தீவுக்கு மான் வேட்டைக்குப் போனவர் ஒரு பெருக்கமரத்தைக் கண்டதும் மானை மறந்துவிட்டார். இரண்டு கையையும் அகல விரித்து மரத்தைக் கட்டிப்பிடித்துப் பிடித்து அளந்தார். பதின்மூன்று தடவை விரித்த பிறகுதான் சுற்றி முடிந்தது. அது போதாதென்று நூல் பிடித்தும் அளந்து, 65 அடி என்று எழுதி வைத்தார். அந்நாளைய பிரெஞ்சு அடி நமது அடியை விடச் சற்றுப் பெரியது, எனவே 21 மீற்றர் வரும். மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் மரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல் என்பதை இதோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளின் கண் விரியும். தாவரவியலாளர் லின்னேயஸ் இந்த மரத்துக்கு அடான்சனின் பெயரையே சூட்டினார். அறிவியலில் பெயர் பெற்ற அந்த அளவை எடுக்க வேண்டியிருந்தவை இரண்டு கைகளும் ஒரு நூல்பந்தும்தான். நெடுந்தீவில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் கைகோத்து நின்றால் அதே அளவை எடுக்கலாம்.

அடான்சனின் குறிப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. செனகலின் தலைநகர் டக்காருக்கு எதிரே கடலில் மதலேன் தீவுகள் என்ற சின்னத் தீவுகள் உண்டு. அங்கே நின்ற பெருக்கமரங்களில், 15ஆம் 16ஆம் நூற்றாண்டுகளில் வந்துபோன ஐரோப்பியக் கடலோடிகள் தங்கள் பெயரைச் செதுக்கியிருப்பதை அவர் கண்டார். எழுத்து எவ்வளவு விரிந்திருக்கிறது, மரம் எவ்வளவு பருத்திருக்கிறது என்று கணக்குப் போட்டு மரத்தின் வயதை மதிப்பிட முயன்றார். பெரிய மரங்களுக்கு ஐயாயிரம் ஆண்டு என்று அவருக்கு விடை வந்தது. அது மிகை. இன்றைய கரிமக் கணிப்பில் மிக மூத்தவையே இரண்டாயிரத்தைச் சில நூற்றாண்டுதான் தாண்டுகின்றன. விடை பிழைத்தாலும் யோசனையின் நயம் நயந்தான்: வந்தவன் கிறுக்கிவிட்டுப் போனதையே மரத்தின் நாட்குறிப்பாக வாசித்திருக்கிறார் மனிதர். அதற்காக நமது மரத்தில் இதயப் படமும் இரண்டு எழுத்தும் வெட்டுகிறவர்களை அறிவியலுக்குத் தொண்டு செய்கிறவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

தீவுகள் என்றதும் இன்னொரு தீவு வருகிறது. டக்காரிலிருந்து இருபது நிமிடப் படகுப் பயணத்தில் கோரே. ஒரு கிலோமீற்றர் நீளங்கூட இல்லை. நெடுந்தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர், அதற்குள் பல கோரேக்களைப் போடலாம். ஆனால் இரண்டுக்கும் நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டு கரைக்கும் ஐரோப்பியரில் முதலில் வந்தவர்கள் போர்த்துக்கீசர். அடுத்து வந்தவர்கள் ஒல்லாந்தர். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணை லெய்டன் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. மற்றவை எல்லாம் காற்றோடு போக, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும் இன்றைக்கும் ஆங்கில வரைபடத்தில் நிற்கிறது. கோரே என்ற பெயரும் ஒல்லாந்து நாட்டுத் தீவொன்றின் பெயரிலிருந்து வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஊர்ப்பெயரைச் சுமந்துகொண்டு அலைந்த ஒரே கூட்டத்தார் ஆபிரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஒரு தீவுக்கும் நமது கடலில் ஒரு தீவுக்கும் பெயரிட்டிருக்கிறார்கள். 1677இல் கோரே பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, நாம் 1795இல் ஆங்கிலேயரிடம் போனோம். டக்காரில் பிள்ளைகள் பிரெஞ்சிலும் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பாடம் படிக்க வேண்டி வந்தது இப்படித்தான்.

கோரேயில் 1776இல் கட்டிய ஒரு வீடு இருக்கிறது. அடிமை வீடு என்பார்கள். கடலைப் பார்த்துத் திறக்கும் அதன் பின்வாசலுக்குத் திரும்பிவராத வாசல் என்று பெயர். நெல்சன் மண்டேலா 1991இல் அங்கே போனார். அத்திலாந்திக் கடலைத் தாண்டி விற்கக் கப்பலேற்றப்பட்ட ஆபிரிக்கர் ஏறத்தாழ ஒன்றேகால் கோடிப் பேர். அவர்களில் அந்த ஒரு வாசல் வழியாகப் போனவர்கள் சிறு தொகையினரே என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். இதைச் சிறுவர்களுக்குச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லத்தான் வேண்டும். வீடு உண்மை, வியாபாரம் உண்மை, அந்த வீட்டின் கணக்கில் மட்டும் விவாதம் என்று பிரித்தே சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும், நம்முடைய பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக விளங்கும். கடல் கடந்து ஆளைக் கொண்டுபோன கதை நமது பக்கத்திலும் இருக்கிறது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துச் சிரம்பியடியில் இன்றும் தங்கள் மஞ்சா பாட்டைப் பாடிக்கொண்டு வாழ்கிறார்கள். ஆபிரிக்காவைத் தேடி டக்கார்வரை போக வேண்டியதில்லை, பேருந்திலும் போகலாம்.

வரைபடத்தைத் தரையில் விரித்தால் பிள்ளைகள் தாமாகவே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். செனகல் மேற்கே பார்க்கும் ஒரு மனித முகம். கடலுக்குள் நீட்டியிருக்கும் மூக்கின் நுனியில் டக்கார், அதுவே ஆபிரிக்கப் பெருநிலத்தின் மேற்கு முனை. வாயாகக் கோடு கிழித்ததுபோல் ஓர் ஆற்றின் இரு கரையும் மட்டும் இன்னொரு நாடு: கம்பியா. ஆற்றை ஆங்கிலேயர் பிடித்தார்கள், சுற்றியிருந்ததைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், முகத்துக்குள் வாய் வேறு நாடாயிற்று. எல்லைக்கோடு என்பது எப்படிப் போடப்படுகிறது என்று விளக்க இதற்கு மேல் உதாரணம் வேண்டாம். நேரத்தையும் கேளுங்கள். நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம். இங்கே காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது டக்காரில் இரவு இரண்டு மணி, அங்கே ஒரு பிள்ளை நித்திரை. மழை மட்டும் மாறிப் பெய்கிறது. அவர்களுக்கு ஜூன் முதல் ஒக்ரோபர் வரை, நமக்கு அது முடிகிற வேளையில்தான் மாரி தொடங்கும். ஒரே இன மரம் அங்கே எந்த மாதம் தளிர்க்கிறது, இங்கே எந்த மாதம் தளிர்க்கிறது என்று நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்று ஆண்டு முழுவதும் குறித்து வைத்தால் அது அருமையான செயற்றிட்டம்.

இந்த நாட்டில் யாழ்ப்பாணத்துக்கே உரிய விருந்து ஒன்று இருக்கிறது. யாழ் வாசித்துப் பரிசிலாக மணல்மேட்டைப் பெற்ற பாணனின் கதை நமது ஊருக்குப் பெயர்க்கதை. யாழ் இன்று நம்மிடம் இல்லை. சுவாமி விபுலாநந்தர் பழைய நூல்களின் வரிகளுக்குள் புகுந்து, சுரங்களைக் கணக்கிட்டு, 1947இல் 'யாழ் நூல்' எழுதி அதன் உருவத்தை மீட்க வேண்டியிருந்தது. செனகலின் தெற்கிலே, மண்டிங்கா மக்களிடையே, கோரா என்ற நரம்புக் கருவி வீட்டுக்கு வீடு தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பெரிய சுரைக்குடுவையைப் பாதியாக வெட்டி, வாயில் மாட்டுத்தோல் போர்த்தி, நீண்ட தண்டு செருகி, இருபத்தொரு நரம்பு கட்டியது. கருவியைத் தன் பக்கம் பார்க்க வைத்து, இரண்டு கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் மீட்டுவார்கள். பெருவிரல் தாளத்தைப் பிடித்து ஓட, சுட்டுவிரல் மேலே சிந்தும். இதை வாசிப்பவர்கள் கிரியோ என்னும் பரம்பரைப் பாடகர்கள். அரச வம்சங்களின் வரலாறு, போர், கொடை, யார் யாருக்குப் பிள்ளை என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான். புறநானூற்றுப் பாணர் மன்னனின் வாசலில் நின்று செய்த வேலைதான் அது. யாழும் கோராவும் அமைப்பில் ஒன்றல்ல. ஆனால் பாணனும் கிரியோவும் எதிரெதிரே இருந்தால் பேசிக்கொள்ள நிறைய இருக்கும்.

பெருக்கமரம் இங்கே மறுபடியும் வருகிறது. முற்காலத்தில் செனகலின் செரேர் மக்களிடையே கிரியோ இறந்தால் மண்ணில் புதைப்பதில்லை. மண்ணில் இட்டால் நிலம் வறண்டுபோகும் என்று நம்பினார்கள். பெருக்கமரத்தின் பொந்துக்குள் உடலை வைத்தார்கள். நாடு சுதந்திரம் பெற்ற பிறகு அந்த வழக்கம் நின்றது. பாடகனை மரியாதை செய்தார்களா, ஒதுக்கி வைத்தார்களா? இரண்டும் கலந்தது என்றே எனக்குப் படுகிறது, பாணரை நாம் நடத்திய விதமும் அப்படித்தானே. பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு பேச நல்ல கேள்வி. சின்னப் பிள்ளைகளுக்கு மரத்தடியில் நின்று இதைச் சொன்னால் பொந்துக்குள் யாரும் போகமாட்டார்கள், அது உங்கள் பொறுப்பு.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீனும் தக்காளியும் மரக்கறியும் போட்டு ஆக்கிய சோறுதான் அவர்களின் பெருமைக்குரிய உணவு, 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. கச்சான் அவர்களின் பெரிய ஏற்றுமதிப் பயிர். பெருக்கம்பழத்தின் ஓட்டை உடைத்தால் உள்ளே வெள்ளையாக, மாவாக, புளிப்பாக இருக்கும் சதையைக் கரைத்துச் சீனி போட்டுக் குடிப்பார்கள். இலையைக் காயவைத்து இடித்துச் சிறுதானியச் சாப்பாட்டில் சேர்ப்பார்கள். பனையும் அங்கே உண்டு, நமது பனையின் ஆபிரிக்கச் சகோதரம். அதன் பழத்தைத் தின்பதும் கள் இறக்குவதும் ஓலை வேய்வதும் அப்படியே நம்மூர். மேற்கு ஆபிரிக்காவில் பனங்கொட்டையை முளைக்கப் போட்டுக் கிழங்கு எடுத்து அவித்துத் தின்னும் ஊர்களும் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். நம் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஆபிரிக்காவை நேரில் கண்டவர்கள் நம்மிடையேயும் உண்டு: எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் படிப்பிக்கப் போன யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர். வகுப்பில் யாருடைய அம்மப்பாவாவது அப்படிப் போயிருக்கக் கூடும், அவரைக் கேட்டு எழுதச் சொல்லலாம்.

செனகல் 1960இல் சுதந்திரம் பெற்றபோது முதல் சனாதிபதியானவர் ஒரு கவிஞர், லெயோபோல் செடார் செங்கோர். நாட்டுப் பண்ணை எழுதியவரும் அவரே. இருபது ஆண்டு ஆண்டபின் யாரும் தள்ளாமலே பதவியை விட்டு இறங்கினார். இதையெல்லாம் விட எனக்கு இனிப்பது, ஆட்சிக்கு வருமுன்னே 1953இல் அவர் அப்துலாயே சாஜி என்ற எழுத்தாளரோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புப் புத்தகம் எழுதியதுதான். கதாநாயகன் லெயுக் என்ற முயல். காட்டில் எல்லாரையும் புத்தியால் வெல்லுகிற முயல். சிங்கத்தைக் கிணற்றுக்குள் தள்ளிய முயலை அறிந்த பிள்ளைகளுக்கு லெயுக்கை அறிமுகம் செய்யத் தனியாக ஒரு பாடம் வேண்டாம்.

செங்கோர் 1974இல் சென்னைக்கு வந்து, ஆபிரிக்கப் பண்பாட்டுக்கும் திராவிடப் பண்பாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றி உரையாற்றினார். யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்ததும் அதே ஆண்டுதான். டக்கார்ப் பல்கலைக்கழகத்தில் திராவிட ஆய்வுக்கு அவர் இடம் ஏற்படுத்தினார், செனகல் நாட்டு மாணவர் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தம் நாட்டு வொலொஃப் மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார். இந்த மொழி உறவை இன்றைய மொழியியலாளர் பெரும்பாலானோர் ஏற்பதில்லை. எனவே வொலொஃபும் தமிழும் அக்கா தங்கை என்று வகுப்பில் முழங்க வேண்டாம். தமிழைத் தேடி ஒரு நாட்டின் தலைவரே வந்தார் என்பது போதும். அது நடந்த செய்தி.

செனகலின் அரச முத்திரையில் ஒரு பக்கம் சிங்கம், மறு பக்கம் பெருக்கமரம். சிங்கத்தை நமது நாட்டுக் கொடியில் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். மரம் நெடுந்தீவில் நிற்கிறது. ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை பிள்ளைகளை அழைத்துப் போகும்போது ஒரு செனகல் வரைபடமும் ஒரு நூல்பந்தும் கொண்டு போங்கள், கைத்தொலைபேசியில் ஒரு கோரா இசைப்பதிவை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், மரத்தடிக்கு அரை மணித்தியாலம் கூட ஒதுக்குங்கள். கோட்டையில் அந்த அரை மணியைக் குறைத்தாலும் பரவாயில்லை.